டாஷ்போர்டில் ஒரு மிட்டாய் டப்பா

கார் ஓட்டக் கற்றுத்தரும் அந்த மனிதரை எல்லோரும் பொறுமை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவருடைய லைசென்ஸில் மட்டும் இருக்கிறது. கியரைப் போட்டு நொறுக்கினாலும், "பரவால்ல, இன்னொரு தடவை" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

சர்க்கரை நோய்க்கு ஊசி போடத் தொடங்கியபோதே டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "சுகர் திடீர்னு இறங்கினா வேர்க்கும், கை நடுங்கும், காரணமே இல்லாம கோபம் வரும். இனிப்பு எப்பவும் கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும்." மாஸ்டரும் டாஷ்போர்டு அறையில் ஒரு பை மிட்டாய் வாங்கிப் போட்டுக்கொண்டார். சுகர் இறங்கும் ஆபத்தைப் பற்றியும் மிட்டாயைப் பற்றியும் வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. மனைவி பயந்துவிடுவாராம்!

அந்த அம்மாளோ சர்க்கரை டப்பாவையே வீட்டைவிட்டு நாடு கடத்தியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைக்கப் போனபோது மிட்டாய்ப் பை கையில் அகப்பட்டது. மனுஷன் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று முடிவு கட்டி, கேட்டால் வீண் சண்டை என்று அவரிடம் சொல்லாமலே குப்பையில் கொட்டிவிட்டார். இரண்டு பேரும் பிரியத்தில்தான் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தப் பிரியம் ஆளையே கொண்டுபோகப் பார்த்தது.

மறுநாள் மதியம் ஊசியைப் போட்டுக்கொண்டு மாஸ்டர் சாப்பிட உட்காரும்போது, அவரிடம் கார் கற்றுக்கொள்ளும் பாலர் பள்ளி டீச்சர் வந்து நின்றார். அடுத்த வாரம் டெஸ்ட். ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். இரண்டு கார்களுக்கு நடுவே ஒருநாளும் ஒழுங்காக நிறுத்தியதில்லை. "ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சாப்பிட்டுக்கறேன்" என்று டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார் மாஸ்டர். ஊசி போட்ட பிறகு சோற்றைத் தள்ளிப்போட்டாரே, அதை என்னவென்று சொல்ல!

சிக்னலில் சிவப்பு விளக்கு. டீச்சர் நிறுத்தினார்.

"போங்க! எதுக்கு மரம் மாதிரி உக்காந்திருக்கீங்க? அறிவில்ல?"

பொறுமை மாஸ்டரா இது? டீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டியது. திரும்பிப் பார்த்தார். ஏசி ஓடியும் மாஸ்டரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நடுங்கும் கை டாஷ்போர்டு அறையைத் துழாவியது. உள்ளே ஒரு துடைக்கும் துணிதான் இருந்தது.

"இங்கதானே வெச்சேன்... சுகர்..." நாக்குக் குழறியது. பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் இருக்கும் பிரேக்கில் வைத்திருந்த கால், அவருக்கே தன் கால் மாதிரி தெரியவில்லை.

"மாஸ்டர்! காலை எடுங்க. பேசாம உக்காருங்க." நாலு வயசுப் பிள்ளைகளை அடக்கும் குரல் அது. மாஸ்டர் அடங்கிப்போனார். பச்சை விழுந்ததும் டீச்சர் காரை ஓரத்துக்குக் கொண்டுபோய், இரண்டு கார்களுக்கு நடுவே அலுங்காமல் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். கைப்பையிலிருந்து ஒரு ஜூஸ் பாக்கெட்டை எடுத்து ஸ்ட்ராவைக் குத்தி நீட்டினார்.

"குடிங்க. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனா எங்க பிள்ளைங்களும் இப்படித்தான் கத்தும்."

விழுங்குகிற அளவுக்கு நினைவிருந்தது, நல்லவேளை. கால் மணி நேரம் கழித்து மாஸ்டர் தன் பையிலிருந்த சுகர் பார்க்கும் மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தார், சர்க்கரை ஏறியிருந்தது. டிபன் டப்பா காலியாகும்வரை டீச்சர் காவல் இருந்தார்.

"திட்டிட்டேன்ல?"

"ஆமா. நல்லாவே திட்டினீங்க."

அன்று மாலை எல்லாவற்றையும் கேட்ட மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான்தாங்க குப்பையில போட்டேன்."

"நான் சொல்லியிருந்தா நீ ஏன் போடப்போற?" என்றார் மாஸ்டர். அவருக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. டாக்டர், டீச்சர், அந்த ஜூஸ் பாக்கெட், எதிரே அழுதுகொண்டிருக்கும் இந்த மனுஷி என்று எல்லோருக்கும் மனதுக்குள் நன்றி சொன்னார். முக்கியமாக, அந்தச் சிவப்பு விளக்கில் டீச்சர் தன் பேச்சைக் கேட்காமல் இருந்ததற்கு.

இப்போது டாஷ்போர்டில் பைக்குப் பதில் ஒரு மிட்டாய் டப்பா; ஞாயிறுதோறும் அதை நிரப்பி வைப்பது அந்த அம்மாள்தான். புதிதாக யார் கற்றுக்கொள்ள வந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான்.

"இது கிளட்ச், இது பிரேக், இது மிட்டாய் டப்பா. நான் கத்தினா ரோஷப்படாதீங்க. வண்டிய ஓரங்கட்டிட்டு இதை எங்கிட்ட குடுங்க. அந்த நேரத்துல நீங்கதான் மாஸ்டர்."