ஒளிரும் கோழிக்கால்

அடைகாக்கும் பெட்டியின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஈரச் சூடு... கூடவே லேசான கோழிப்பண்ணை வாடை. சேலத்தில் ஆய்வு மாணவனாக இருந்த காலம் முழுவதும் என் சட்டையில் அந்த வாடைதான்.

நண்பர்களே, நம் பேராசிரியருக்குப் பாராட்டு விழா, ஆளுக்கொரு நினைவு எழுதுங்கள் என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கா பஞ்சம் என்பார்கள். கடை முட்டையில் கரு வளராது. சேவலோடு வளரும் கோழியின் முட்டை வேண்டும். வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு குஞ்சுப் பண்ணையில் வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன். பண்ணைக்காரர் சும்மா விடமாட்டார்.

"ஏனுங்க, பொரிக்கவும் உடமாட்டீங்க, ஆம்லெட்டும் போடமாட்டீங்க... அப்புறம் எதுக்குங்க இத்தன முட்டை?"

ஒரு புரதத்துக்காக. எந்த விரல் எந்தப் பக்கம் முளைக்க வேண்டும் என்று, வளரும் கருவின் செல்களுக்குச் சேதி சொல்லும் புரதம். முளைக்கும் காலின் ஓர் ஓரத்தில் மட்டும் சுரக்கும். அதைக் கண்டறியும் ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்பொருளை, பேராசிரியர் நம்மூர்க் கோழியிலேயே உருவாக்கி, அதன் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்.

அந்த ஆன்டிபாடி புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அடுத்து ஊற்றும் திரவம், கோழி ஆன்டிபாடி எங்கிருந்தாலும் அதில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும்.

ஒளிர்ந்தது. ஓரத்தில் அல்ல... கால் முழுவதும்.

"உலகத்துல யாரும் பாக்காததைப் பாத்துட்டோம் சாமி!" என்று பேராசிரியர் என் தோளைத் தட்டினார்.

எனக்கு உறுத்தியது. எல்லா இடத்திலும் ஒரே சேதி என்றால், விரலுக்கு விரல் வித்தியாசம் எப்படி வரும்? ஆன்டிபாடியை ஊற்றாமலே, ஒளிரும் திரவத்தை மட்டும் ஊற்றிப் பார்த்தேன். ஒளி உண்மைதானா என்று ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கன்ட்ரோல் என்பது அதுதான். இருட்டாக இருந்திருக்க வேண்டும், அப்படியே ஒளிர்ந்தது.

மஞ்சள் கருவில் தாய்க்கோழியின் ஆன்டிபாடிகள் இயல்பாகவே உண்டு. அவை கருவின் மேல் படிந்திருந்தன. திரவம் அவற்றில் ஒட்டியிருந்தது. நாங்கள் தேடிய புரதத்துக்கும் அந்தப் பச்சைக்கும் சம்பந்தமே இல்லை.

கன்ட்ரோல் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பல்பு எரியுதா, அதைப் பாரு. சுவிட்சை எதுக்கு நோண்டற?"

"சுவிட்சே போடாம எரியுதுங்க ஐயா."

அவர் சிரிக்கவில்லை. "இதை வெளிய காட்டாத. காட்டுனா உன் பட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அந்தப் பச்சைக் காலைப் பற்றி வெளியிடவிருந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் உடன் பயின்ற சுந்தரத்தின் பெயர் சேர்ந்தது. அவருக்குப் பட்டமும் கிடைத்தது, விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது. நான் வேறு ஊரில், வேறு வழிகாட்டியிடம், கோழிக் கருவில் தானாக இருக்க வழியில்லாத, முயலில் உருவாக்கிய ஆன்டிபாடியோடு முதலிலிருந்து தொடங்கினேன். கால் ஓரத்தில் மட்டும் மெல்லிய பிறைபோல் அது ஒளிர்ந்த நாளில், கூப்பிட்டுக் காட்ட எனக்கு அங்கே ஒருவரும் இல்லை...

இதையும் சொல்லிவிட வேண்டும். கருவுக்குக் காயம் படாமல் முட்டை ஓட்டில் சன்னல் வெட்டக் கற்றுத்தந்தவர் அவர்தான். அவ்வளவு நிதானமான கையை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. அந்தக் கைதான் என் கன்ட்ரோல் படத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளியது.

சென்ற வாரம் அஸ்தம்பட்டியில் விழா பேனரைப் பார்த்தேன். நடுவில், லாரிச் சக்கரம் அளவுக்கு, அதே பச்சைக் கால். விழாக்குழுத் தலைவர் சுந்தரத்தைத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் படத்தை எடுத்துவிடக் கூடாதா என்று கேட்டேன்.

"பழசை எதுக்குப்பா கெளறிக்கிட்டு? வந்தமா, ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசுனமான்னு போலாம்."

அன்று அந்த ஆய்வகத்தில் சந்தேகப்பட்டவன் நான் ஒருவன்தான். இன்று என் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவியிடம் பேனரின் புகைப்படத்தைக் காட்டினேன். கண் இமைக்கும் நேரத்தில் கேட்டாள்: "சார், இதுக்குக் கன்ட்ரோல் எங்கீங்க?"

காலம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அந்தக் கேள்வி அன்று என்னோடு இன்னொருவர் வாயிலிருந்தும் வந்திருந்தால்...

சுந்தரம், பேனரை மாற்ற உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் நான் வருகிறேன். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வியை மட்டும், பேராசிரியரின் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். பதில் வரும்வரை மைக்கைக் கீழே வைக்கமாட்டேன்.