நூறு மடங்கு தப்பிய அலைநீளம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு பத்துக்குத்தான் விடை தப்பியது. அப்போது கரண்ட் போய் மின்விசிறி நின்றது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால் நேரம் மறக்கவில்லை.

மறுநாள் மகளுக்குப் பிளஸ் டூ இயற்பியல் பரீட்சை. இன்ஜினியரிங் கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த மதிப்பெண்ணில்தான் இருந்தது. பீளமேட்டு வாடகை வீட்டின் கூடத்தில் இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒளித்துகளான போட்டானின் உந்தம் கேட்ட கணக்குகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆற்றலை ஒளியின் வேகத்தால் வகுத்தால் முடிந்தது. அடுத்தது எலக்ட்ரான். நூறு எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், அலைநீளம் என்ன? உந்தம் தெரிந்தால் அலைநீளம் வந்துவிடும். கைடில் 1.23 ஆங்ஸ்ட்ராம் என்றிருந்தது. அவளுக்கு வந்தது 124.

பரீட்சையில் கால்குலேட்டர் கூடாது. பெருக்கல், வகுத்தல் எல்லாம் லாக் அட்டவணைப் புத்தகம்தான். பத்தின் அடுக்கு மைனஸில் போனால் எண்ணின் தலைமேல் ஒரு கோடு இழுப்போம். அதற்கு பார் என்று பெயர். அந்தக் கோட்டில் வழுக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. நான் கணிதம் படித்தவள். இலக்கங்கள் ஏறக்குறைய அதேதான், நூறு மடங்குதான் வித்தியாசம் என்றதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"பாரை எங்கியோ உட்டுப்போட்டே கண்ணு. திரும்பப் போடு."

போட்டாள். 124.

"கழிக்கறப்ப கடன் வாங்குனியா?"

"வாங்கினேம்மா."

நானே போட்டேன். 124. வேர்வை தாள்மேல் சொட்டியது. கைடில் அச்சுப்பிழை என்றேன். அவளுடைய பள்ளிக் குறிப்பிலும் 1.23 என்றே இருந்தது. பெருக்கல், வகுத்தல், பார், மறுபடியும் பார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"இத்தன வருசம் படிச்சு ஒரு கோடு போடத் தெரியலையா?"

அவள் பென்சிலை வைத்தாள். "நாளைக்கு நான் போகலம்மா. நீயே போய் எழுதிட்டு வா."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கூப்பிட்டேன், கெஞ்சினேன். கதவு திறக்கவில்லை. இன்றைக்கும் வீட்டில் எந்தக் கதவாவது தாழிடப்படும் சத்தம் கேட்டால் எழுந்து போய்த் தட்டிப் பார்க்கிறேன். அன்று கதவுக்கு வெளியே உட்கார்ந்து, வெட்கமில்லாமல், அதே கணக்கை இன்னொரு தடவை போட்டேன். 124.

இருட்டத் தொடங்கும்போது வாசலில் சைக்கிள் மணி. அவளோடு படிக்கும் பக்கத்துத் தெருப் பெண், சேர்ந்து படிக்க வந்திருந்தாள். மகள் போட்ட தாளை வாங்கி முதல் வரியைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒரு தடவைகூடப் பார்க்காத வரி அது. உள்ளறைக் கதவைத் தட்டினாள்.

"ஏய், கதவத் தொறடி. உன் லாக்கெல்லாம் சரியாத்தான் இருக்குது. எலக்ட்ரானப் புடிச்சு லைட்டாக்கிப்போட்டே! ஆற்றலை ஒளி வேகத்துல வகுக்கறது போட்டானுக்கு. அதுக்கு நிறையில்ல, இதுக்கு இருக்குதல்ல? நிறையையும் ஆற்றலையும் பெருக்கி, ரெண்டால பெருக்கி, வர்க்கமூலம் எடு. அதுதான் இதோட உந்தம்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது. அந்தப் பெண் என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க ஆன்ட்டி, நாளைக்குப் பரீட்சை உங்களுக்குங்களா, அவளுக்குங்களா?"