பசை போட்டு ஒட்டிய அலைவரிசை

மெர்வ் ட்ரெகென்சாவுக்கு ஊரில் யாரோடும் பகை கிடையாது. வேலையில் இருந்த காலமெல்லாம் பார்லி லாரிகளை எடை போட்டவர்; ஒரு லாரிக்காரனிடமும் குரலை உயர்த்தியதில்லை என்று அந்த மூண்டா ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனுஷன் எழுபது வயதுக்கு மேல் கிளெனிஸ் பாஸ்கோ என்ற பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிக்க ஆரம்பித்தார். காரணம் காசில்லை, வேலித் தகராறில்லை. காற்றில் ஓர் இம்மி இடம்.

மெர்வ் ஹாம் வானொலிக்காரர், வீட்டிலேயே பெட்டி வைத்துக்கொண்டு பொழுதுபோக்காக உலகத்தோடு பேசுகிற ரகம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து தினமும் மாலையில் கணினியில் தட்டுவார். அந்த எழுத்துகள் மெல்லிய சீழ்க்கையாக வானொலியில் ஏறி, நியூசிலாந்தின் தென்கோடியில் ஸ்டூவர்ட் தீவில் இருக்கும் வில்ஃப் லீஸ்க்கின் திரையில் எழுத்தாகவே போய் இறங்கும். வில்ஃப் பதில் தட்டுவார். முழங்கால் வலி, மீன்பாடு, மழை, மறுபடியும் முழங்கால் வலி. வில்ஃப்புக்குக் காது சுத்தமாகக் கேட்காது, ஆகவே தொலைபேசி உதவாது. மின்னஞ்சல் என்பது பில் அனுப்புகிறவர்களுக்காக ஏற்பட்டது என்பது அவர் கட்சி. மனைவி போன பிறகு அந்த மனுஷனுக்கு நாள் முழுக்க வாய்திறந்து பேச ஆளில்லை. மெர்வோடு தட்டுகிற அந்த அரைமணிதான் பேச்சு.

சரி, அவர்கள் பேசுகிற அந்த இம்மி இடத்தில் கிளெனிஸ் வந்து உட்கார்ந்தால் இவர்கள் நகர்ந்துகொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நகர முடியாது. வில்ஃப்பின் பெட்டியில் அலைவரிசையைத் திருப்புகிற குமிழ் ஒருகாலத்தில் தளர்ந்துபோய் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பசையை ஊற்றி அசையாமல் ஒட்டிவிட்டார். அன்று முதல் அந்தப் பெட்டிக்கு உலகத்தில் தெரிந்தது ஒரே ஓர் இடம்.

அந்த இடத்தில்தான் கிளெனிஸ் வந்து கடை விரித்தாள். அவளுடையது எஃப்டி8 என்கிற புதுமுறை. பேச்சு கிடையாது, கால் நிமிஷத்துக்கு ஒரு தடவை கணினி தானாக ஒரு துணுக்கை அனுப்பும், உலகத்தின் மறுமூலையில் இன்னொரு கணினி பதில் சொல்லும், இத்தனை நாடுகளைப் பிடித்தேன் என்கிற கணக்கில் ஒன்று ஏறும். வழக்கமான இடம் சந்தைக்கடை மாதிரி இருக்கிறதென்று அவள் சற்றுத் தள்ளி, காலியாகத் தெரிந்த இடத்துக்கு வந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் அனுப்பினால் மெர்வின் திரை வெளுத்துவிடும், வில்ஃப் அதற்குள் காணாமல் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வானொலிச் சங்கத்தார் கடைவீதியில் சாசேஜ் சுட்டு விற்கும்போது, மெர்வ் கையில் இடுக்கியோடு நியாயம் கேட்டார்.

"நீ உக்காந்திருக்கிற எடம் எங்களோடது, கிளெனிஸ்."

"காத்து என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா, மெர்வ்?"

"உக்கார்றதுக்கு முன்னாடி ஆள் இருக்கான்னு காது குடுத்துப் பாக்கணும். அதுதான் நம்ம வழக்கம்."

"பாத்தேனே. ஏதோ கீச்சு கீச்சுன்னு எரைச்சல்தான் இருந்துச்சு."

"அந்த எரைச்சல் நான்தான்."

கியூவில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வில்ஃப்பின் கதையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிளெனிஸ் அன்றே எழுந்து போயிருப்பாள், ஈவிரக்கம் உள்ளவள்தான். ஆனால் இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சாசேஜ் கருகியதுதான் மிச்சம்.

நடந்து போய் அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வரும்படி மனைவி நோலீன் எவ்வளவோ சொன்னாள். காற்றில் வந்த சண்டையைக் காற்றிலேதான் தீர்ப்பேன் என்று மெர்வ் ஒற்றைக்காலில் நின்றார். அதில் ஒரு சங்கடம். இவர் முறையில் திட்டினால் அவள் கணினிக்கு அது வெறும் இரைச்சல். அவளைத் திட்ட வேண்டுமானால் அவளுடைய முறையிலேதான் திட்ட வேண்டும். வாயில் வந்ததையெல்லாம் சபித்துக்கொண்டே எஃப்டி8-ஐத் தன் கணினியில் ஏற்றினார்.

ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, அதில் சொந்தமாக எழுத ஒரு தடவைக்கு, இடைவெளியும் சேர்த்து, பதின்மூன்று எழுத்துக்குத்தான் இடம். ஒரு பக்கத்துக்கு யோசித்து வைத்திருந்தார். மரியாதைச் சொற்களை முதலில் வெட்டினார். பிறகு நியாயத்தை வெட்டினார். கடைசியில் "தள்ளிப் போய்விடு கிளெனிஸ்" என்று நின்றது; அதிலும் அவள் பெயரின் கடைசி எழுத்து விழுந்துவிட்டது. அப்படியே அனுப்பினார்.

கிளெனிஸ் மறு நிமிஷமே அந்த இடத்தைக் காலி செய்துவிட்டாள்.

மெர்வ் வெற்றிக் களிப்போடு பெட்டியை அணைக்கக் கை நீட்டினார். அதற்குள் சிலியிலிருந்து ஒருவர் அவரைக் கூப்பிட்டார். கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் போவது அநாகரிகம், சொன்னார். பின்னாலேயே பின்லாந்து. பின்லாந்து மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்கும் சொன்னார். சாப்பாடு ஆறுகிறது என்று நோலீன் கத்தினாள். இதோ வனுவாட்டுவை முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

ஒரு வாரம் இப்படியே போனது. யாரும் வந்து உட்கார்ந்துவிடாமல் வில்ஃப்புக்காக இடத்தைக் காவல் காப்பதாகச் சொல்லிக்கொண்டார். அவர் கூப்பிடக் கூப்பிட அங்கே கூட்டம் சேர்ந்தது. வில்ஃப்பைத்தான் காணோம். தீவில் அடிக்கிற காற்றுக்கு ஏரியல் விழுந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஜப்பானைப் பிடித்தார்.

பொறுத்துப் பார்த்த நோலீன் ஒரு சாயங்காலம் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்டித் தட்டோடு கொட்டகைக்கே வந்துவிட்டாள். தட்டை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வருகிற அழைப்புகளெல்லாம் கட்டம் கட்டமாக வெளிச்சமாய் விழுந்துகொண்டிருக்க, நடுவே நூல் போல ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"அது என்ன மெர்வ், நடுவுல?"

"அதுவா? ஒரு வாரமா இருக்கு. ஏதோ எரைச்சல்."

சொன்ன வாய் மூடவில்லை. கையில் எடுத்திருந்த பேஸ்ட்டி தட்டில் விழுந்தது. மெர்வ் புதுமுறையை நிறுத்தி, பழையதைத் திறந்து, அந்தக் கோட்டின் மேல் சுட்டியை வைத்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"மெர்வ், இருக்கியா? மெர்வ், இருக்கியா?"

இருக்கிறேன் என்று தட்டுவதற்குள் மூன்று தடவை தப்பாகத் தட்டினார்.

"அப்பாடா. உசுரோட இருக்கியா?" என்று வந்தது. "டெய்லி கூப்பிடுறேன். எவனோ ஒரு கூறுகெட்டவன் நம்ம எடத்துல உக்காந்துக்கிட்டு ஊரையே கூட்டி வெச்சிருந்தான். அவன் யாருன்னு தெரிஞ்சா நான் சொன்னேன்னு நாலு வார்த்த நல்லா கேளு."

மெர்வ் நோலீனைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் இருக்கான், வில்ஃப்," என்று தட்டினார். "நீயே கேட்டுடு. இதுல எழுத்துக்குக் கணக்கு கெடையாது."

வில்ஃப் கேட்டார். நிறையவே கேட்டார். மெர்வ் குறுக்கே ஒரு எழுத்தும் தட்டவில்லை.