ட்வைலாவின் வலது இடுப்பு

துணிக்கடையில் ஒரு சட்டையை எடுத்தால், ட்வைலா ப்ரூயிட் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்குவாள். குனிவாள், நிமிர்வாள், உட்கார்ந்து எழுவாள். இடுப்பில் இருப்பது துணிக்கு மேல் புடைத்துத் தெரியக் கூடாது. வெள்ளை ஆகாது, மெல்லிய துணி ஆகாது. பூப்போட்டது நல்லது, அதுவும் ஓர் அளவு பெரிசாக.

"இதெல்லாம் உனக்கு வாங்குறியா, உன் துப்பாக்கிக்கு வாங்குறியா?" என்று கேட்பான் புருஷன் ஹார்லன்.

"ரெண்டு பேருக்கும்தான். வாய மூடிக்கிட்டுப் பையப் பிடி."

டென்னஸ்ஸியில் ஒரு சின்ன ஊரில் காலி வீடுகளைத் திறந்து காட்டி விற்றுக் கொடுப்பது அவள் தொழில். முன்பின் தெரியாத யாராவது போன் செய்தால், ஆளில்லாத வீட்டுக்குத் தனியாகப் போய் நிற்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படி வந்த ஒருவன் படுக்கையறைக் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். வெளியே ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது, கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் நடக்காதவன் போலப் போய்விட்டான். அடுத்த வாரமே அவள் துப்பாக்கி வகுப்பில் சேர்ந்து, சுட்டுக் காட்டி, அனுமதி அட்டை வாங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து வலது இடுப்பில், பேண்டுக்கு உட்புறமாக ஓர் உறை. அதில் சின்னக் கைத்துப்பாக்கி. உட்கார்ந்தால் விலாவில் இடிக்கும், வெயில் காலத்தில் தோல் வெந்துபோகும். உணவகத்தில் வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும். வீட்டைக் காட்டும்போது வந்தவர்களை முன்னால் விட்டு இவள் பின்னால் போவாள். தேவாலயத்தில் யாராவது கட்டிப்பிடிக்க வந்தால் இடது தோளை மட்டும் கொடுத்து நழுவுவாள். அவளுக்கு ஏதோ தீராத தோள்வலி என்று நினைத்து, அங்கே இருந்த பெண்கள் ஜெபப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அவளும் மறுக்கவில்லை. நிம்மதிக்கென்று வாங்கிய சாமான், மனுஷியை ஓரிடத்தில் நிம்மதியாக நிற்க விட்டதில்லை என்பதுதான் கூத்து. முழங்கை நாளைக்கு நூறு தடவை இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊருக்கு வெளியே ஒரு வீடு. முன்னதாகவே போய் ஜன்னல்களைத் திறந்து, விளக்குகளைப் போட்டு வைத்தாள். வழியில் குடித்த ஐஸ் டீ வேலையைக் காட்டியது. நடைக்கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போனாள். பெல்ட்டைத் தளர்த்தினால் உறை கவிழ்ந்து துப்பாக்கி தரையில் விழும் என்று, அதை மட்டும் உருவி ஃப்ளஷ் தொட்டியின் மூடிமேல் வைத்தாள். உறையோடு சேர்த்துத்தான் கழற்ற வேண்டும் என்று வகுப்பில் தலைபாடாக அடித்துக்கொண்டது அவளுக்கும் தெரியும். அதற்குள் வாசலில் கார் சத்தம். பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். பேண்டை இழுத்துக் கட்டி, சட்டையை இறக்கிவிட்டு ஓடினாள்.

வந்தவன் டூயி, தாடி வைத்த ஆஜானுபாகு. மனைவி மிஸ்டி, நாலு வயசு மகள் ஓப்பல். அவனைப் பார்த்ததுமே ட்வைலாவுக்கு உறுத்தியது. சட்டை வெளியே தொங்கியது, வலது பக்கம் லேசாகப் புடைப்பு. அவளிடமா மறைப்பது! முழங்கை இடுப்பைத் தொட்டது. உறை கெட்டியாகத் தட்டுப்பட்டது. முழங்கைக்கு அது போதும்.

அறை அறையாகக் காட்டினாள். வாய் கூரையைப் பற்றியும் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் பேசியது, கண் டூயியின் வலது கையை விடவில்லை. அவன் சீலிங்கைத் தட்டிப் பார்க்கக் கையைத் தூக்கியபோது அவள் இரண்டடி பின்னால் போனாள்.

நடைப்பக்கமிருந்து குழந்தை ஏதோ கூப்பிட்டது.

"இதோ வர்றேண்டி தங்கம்," என்றாள் மிஸ்டி. அடுப்பை ஆராய்ந்துகொண்டிருந்தவள் நகரவில்லை.

மறுபடியும் கூப்பிட்டது. ட்வைலாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆளைக் கவனிக்க விடமாட்டேன் என்கிறதே!

"கீழ அலமாரியெல்லாம் நல்ல ஆழம், பாருங்க," என்று குனிந்தாள்.

விலாவில் இடிக்கவில்லை.

ஆறு வருஷமாகக் குனியும்போதெல்லாம் இடிக்கும் துப்பாக்கிப் பிடி இடிக்கவில்லை. கையை விட்டுப் பார்த்தாள். உறை இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"குழந்த எங்க?"

"ஒண்ணுக்குப் போயிருக்கா மேடம். இப்பல்லாம் தானே போயிடுவா," என்று பெருமையாகச் சொன்னாள் மிஸ்டி.

ட்வைலா ஓடினாள். எத்தனை வீட்டில் எத்தனை நடை பார்த்தவள், இவ்வளவு நீளமான நடையைப் பார்த்ததில்லை.

ஓப்பல் கழிப்பறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கதவைச் சாத்தி, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு, கைகள் இரண்டையும் அக்குளில் செருகியிருந்தாள். பேண்ட் தொடையிலிருந்து கணுக்கால்வரை நனைந்து, காலடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது.

"உள்ள துப்பாக்கி இருக்கு," என்றாள். "நான் தொடல. தொடாத, வெளிய வா, பெரியவங்களக் கூப்பிடுன்னு அப்பா சொல்லியிருக்காரு. நான் கூப்பிட்டேன். ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். யாருமே வரல."

ட்வைலா அங்கேயே மண்டியிட்டாள். பின்னால் வந்த டூயி மகளைத் தூக்கி மிஸ்டியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். துப்பாக்கியிலிருந்த குண்டுகளையெல்லாம் எடுத்து, வெறும் துப்பாக்கியை ஒரு கையிலும் குண்டுகளை மறு கையிலுமாகக் கொண்டுவந்து நீட்டினான்.

"உங்களுதா?"

"என்னுதுதான். தப்பு என் மேலதான்."

"அவ கூப்பிட்டது எனக்கே கேட்டுச்சு. அவங்க அம்மா போறாங்கன்னு இருந்துட்டேன்." அவன் குரல் உயரவில்லை. "உங்க வீடு மேடம் இது, நீங்க காட்டுற வீடு. நீங்க எதப் பாத்துட்டிருந்தீங்க?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்களத்தான்," என்றாள்.

அவன் துப்பாக்கியை அவளிடம் கொடுத்து, குண்டுகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நடந்தான். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓப்பல் விசும்புவது வாசல்வரைக்கும் கேட்டது.

"நான் பாப்பா இல்லம்மா. நான் பேண்ட்ல போக மாட்டேன். உள்ள போக பயமா இருந்துச்சு."

ட்வைலா துணி தேடிக் கொண்டுவந்து, தரையில் கிடந்ததைத் தன் கையாலேயே துடைத்தாள்.