எதில் ஒரு பெர்சென்ட்

வேதியியல் தாளில் கணக்கு வந்தால் சாய்ஸில் விட்டுவிடுவேன். சமன்பாடுகளை உருப்போட்டு எழுதுவேன். கரைசலின் செறிவு என்று கேட்டால் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவேன். தாவித் தாவியே முதல் வகுப்பில் தேறினேன். கல்லூரியில் ஒரு ஆசிரியை என் தாளை மேசையில் வீசி, "பெர்சென்ட்னா எதுல பெர்சென்ட்னு எழுது. இல்லாட்டி அது வெறும் நம்பர்" என்று கத்தினார். கத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நானே கத்துகிறவள்தான் என்பதால் இருக்கலாம்.

படிப்பு முடிந்ததும் முதலிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை கிடைத்தது. அங்கே விடிந்தால் அடைந்தால் பெர்சென்ட் பேச்சுதான். இரண்டு பெர்சென்ட் ஷேடு என்றால் நூறு கிலோ துணிக்கு இரண்டு கிலோ சாயம். தண்ணீர் எவ்வளவு என்பது வேறு கணக்கு. பெர்சென்ட் எப்போதும் துணியின் எடையில். நாலு வருஷத்தில் அது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

எங்கள் வீடு சேவூரை ஒட்டி இருக்கிறது. அப்பா ஒரு ஏக்கர் மானாவாரிக் காட்டில் கடலை போடுவார். மழைக்குக் கிறுக்குப் பிடித்துப் பல வருஷமாகிறது. ஒரு வருஷம் விதைத்ததோடு சரி, வானம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் செடி பிடுங்கும் நேரத்தில் ஐந்து நாள் விடாமல் கொட்டியது. மண்ணுக்குள்ளேயே காய் முளைவிட்டது. மூன்றாம் வருஷம் விதைக்கும்போதே அப்பா என்னிடம் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா இத்தோட உட்டர்றேன் கண்ணு. செக்யூரிட்டி வேலைக்குப் போயிர்றேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த வருஷம் செடி நன்றாகவே வந்தது. பூத்து, விழுது மண்ணில் இறங்குகிற நேரம் பார்த்து மழை நின்றது. ஆவணியில் சித்திரை வெயில் அடித்தது. வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுவந்த அப்பா ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். வறட்சி தாங்க பொட்டாஷ் ஒரு பெர்சென்ட் கரைத்துத் தெளிக்கவும் என்று இருந்தது.

"எத்தன கிலோன்னு பாத்துச் சொல்லு கண்ணு."

"காட்டுல செடி மொத்தமா எத்தன எடை இருக்குமுங்ப்பா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கொடியெல்லாம் சேத்தா ஒரு டன்னு இருக்கும்."

"அப்பப் பத்துக் கிலோங்ப்பா."

"பத்தா? நெறையாத் தெரியுதே."

"கெமிஸ்ட்ரி படிச்சது நானா நீங்களா?"

"நீங்கதானுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கேலிதான், ஆனாலும் நம்பினார்.

இருநூறு லிட்டர் தண்ணீரில் பத்துக் கிலோவையும் கரைத்தார். டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு காடு முழுக்க நடந்தார். வேலியோரம் கடைசி இரண்டு சால் வரிசைக்கு மருந்து பத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் பழுப்பு. ஒரு வாரத்தில் காடே கருகிக் கிடந்தது.

அந்த வாரம்தான் லேபில் பக்கத்து மேசைப் பெண் ஒரு பெர்சென்ட் சாயக் கரைசல் கலக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்துக் கிராம் பொடி, ஒரு லிட்டர் தண்ணீர். தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்குத்தான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இருநூறு லிட்டருக்கு இரண்டு கிலோ. செடியின் எடையை நான் எதற்குக் கேட்டேன்? அது துணி இல்லையே. ஐந்து மடங்கு உப்பைத் தாகத்தில் நின்ற செடியின் மேல் ஊற்ற வைத்திருக்கிறேன். பாத்ரூமில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்துக் காட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்க, இப்படிக் கருகிப்போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெயிலுங்க" என்றார் அப்பா.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் காடும் வாடித்தான் கிடந்தது. அவர் போனதும் நான் சொல்லிவிட்டேன். பெர்சென்ட், துணி, தண்ணீர், எல்லாம். அப்பா வேலியோரம் கை காட்டினார். மருந்து படாத இரண்டு சாலும் பச்சையாக நின்றன.

"அதப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"அப்புறம் ஏனுங்ப்பா வெயில்னு சொன்னீங்க?"

"வெயில்னா யாரும் மேக்கொண்டு கேக்க மாட்டாங்க கண்ணு."

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன்.

பத்து நாள் கழித்து மழை வந்தது. பக்கத்துக் காடு தலையெடுத்து, பாதி விளைச்சலாவது கொடுத்தது. எங்கள் காட்டில் ஈரம் மட்டும் இருந்தது. அந்த இரண்டு சாலில் கிடைத்த காயை அப்பாவே பிடுங்கி, அவித்து, என் டிபன் பாக்ஸில் வைத்து அனுப்பினார். லேபில் எல்லோரும் ருசியாக இருக்கிறது என்று அள்ளிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

இப்போது அப்பா எங்கள் பட்டறைக்கு அடுத்த கம்பெனியில் செக்யூரிட்டி. நீலச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் என்னோடு ஒரே வேனில்தான் வருகிறார். புதிதாக ஏறுகிற யாராவது, காட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள்.

"வெயிலுங்க" என்பார். நான் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருப்பேன்.