பங்காருப்பேட்டையில் முறிந்த உபவாசம்

ஜெர்மனியில் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வந்தால் என் அலுவலகத்தில் ஆளுக்கொன்றை விட்டுவிடுகிறார்கள். எதிர்மேசை பிர்கிட் நாற்பது நாளைக்குச் சாக்லேட்டை விட்டிருக்கிறாள். பிஸ்கெட் மேல் பூசியிருப்பது சேர்த்தியில்லையாம். "உங்கள் ஊரிலும் இதெல்லாம் உண்டா?" என்று கேட்டாள். என் விசா நீட்டிப்புக்காகக் கோலார் தங்க வயலில் என் அக்கா இரண்டு வேளைச் சோற்றை விட்டுக் கிடக்கிறாள் என்றேன். "அருமை! ஹைல்ஃபாஸ்டன், வைத்திய உபவாசம்! உடம்பு சுத்தமாகிவிடும்" என்றாள். சர்க்கரை வியாதிக்காரி பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று விளக்க என் ஜெர்மன் போதாது. நன்றிக்கு ஒரு டாங்கே சொல்லிவைத்தேன்.

நம் ஊரில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் விண்ணப்பத்தோடு உபவாசமும் போடுவோம், உங்களுக்குத் தெரியாததா? எட்டு வருடத்துக்கு முன் என் முதல் விசாவுக்காக ஸ்டெல்லா அக்காவும் நானும் சேர்ந்தே பொருத்தனை செய்தோம். நாற்பது நாள், காலையும் மதியமும் பட்டினி. மாலை ஜெபத்துக்குப் பிறகுதான் கஞ்சி. நான் அப்போது ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மாரிகுப்பத்தில் ஏறும்போது நான் பரிசுத்தவான்தான். பங்காருப்பேட்டையில் வண்டி நின்றதும் வடை வாசனை ஜன்னலுக்கே வந்துவிடும். மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். நான்காம் நாள் இரண்டு வடை. அடுத்த வாரம் இட்லியும் சேர்ந்துகொண்டது. "ஆண்டவரே, மன்னியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு வாங்கிய பக்தன் நான். விசா வந்தது. சபையில் மைக்கைப் பிடித்து, நாற்பது நாளும் வயிற்றைக் காயப்போட்டேன் என்று சாட்சி சொன்னேன். முதல் அல்லேலூயா அக்காவுடையது. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

போன வாரம் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். உபவாசத்தின் இருபதாம் நாள், அக்கா சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டாளாம். டாக்டர் திட்டியும் கேட்கவில்லையாம், எழுந்ததும் மறுபடி பட்டினியாம். முழங்காலில் விழுந்தேன். அங்கேயும் பேரம்தான்: அவளைக் காப்பாற்றும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் உபவாசம் இல்லாமலே விசா வந்தது என்று தெரிந்தால் சாப்பிட்டுவிடுவாள் என்பது என் மூளையின் கணிப்பு. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அப்ப நான் உபவாசமே இருக்கல. பங்காருப்பேட்டைல தெனமும் துன்னேன். சபையில சொன்னது பொய். அப்பவும் விசா வந்துச்சில்ல? நீ துன்னுக்கா."



"அடப்பாவி! அப்ப உனுக்கு விசா வந்தது நான் ஒருத்தி இருந்த உபவாசத்துலதான்னு சொல்லு. இப்ப மட்டும் எப்டிடா நிறுத்துவேன்?"

மனந்திரும்பியவன் நான், பட்டினி அவளுக்கு. இப்படி ஒரு பாவமன்னிப்பு வேறு யாருக்காவது வாய்த்திருக்குமா? "விசா போனா போவுதுக்கா. நீ இல்லாத ஊருக்கு நான் திரும்பி வந்து இன்னா பண்றது?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். "மிச்ச நாளுக்கு நான் இருக்கேன். சத்தியமா."

"உன் சத்தியத்த நம்ப நான் இன்னா பைத்தியமா? வீடியோ கால் போடு. நீ என் கண்ணு முன்னால இரு, நான் துன்றேன்."

அன்றிலிருந்து இப்படித்தான். அங்கே மதியம் பன்னிரண்டரை, இங்கே காலை எட்டு. அக்கா சோற்றைப் பிசைந்துவிட்டுத் திரையை உற்றுப் பார்க்கிறாள். "வாயத் தொற" என்கிறாள். ஜெர்மனியில் உட்கார்ந்து நான் வாயைத் திறந்து காட்டுகிறேன். உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு, தங்க வயலில் அவள் முதல் கவளத்தை விழுங்குகிறாள்.