கைப்பிடி இல்லாத கதவு

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் குடியிருந்தோம். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தேன். என் கணவன் பழைய கார் ஒன்றை வாங்கி டூரிஸ்டுகளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். கணவனை ‘அவர்’ என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்குக் கை வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போவான். “புருஷன்னா இப்படியில்ல இருக்கணும், வாரந்தவறாம வெளிய கூட்டிட்டுப் போறாரு” என்பார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். எங்கள் வீட்டுச் சுவர் பலகையும் தகரமும். அங்கே அடித்தால் தெருவுக்கே கேட்கும். அதனால் பெருமாள்மலை தாண்டிப் பழனி ரோட்டில், தைல மரங்களுக்கு நடுவே காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அடிப்பான். ஒரு வாரம், நான் ஒரு வாத்தியாரிடம் ‘தேங்க் யூ’ சொன்னதற்காக. இன்னொரு வாரம் குழம்பில் உப்பு. என் தலையை டாஷ்போர்டில் மோதுவதற்கு முன்னால் சீட்டில் ஒரு துண்டை விரிப்பான். ரத்தம் பட்டால் கறை போகாதாம்.

ஒரு ஞாயிறு கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். டீக்கடை வரைக்கும் போய்விட்டேன். பின்னாலேயே வந்தவன் கடைக்காரரிடம் சிரித்தபடி, “கொஞ்சம் மூளைக்கோளாறுங்க” என்று சொல்லி, என் கையை முறுக்கி இழுத்துப் போனான். மறுநாள் என் பக்கத்துக் கதவின் உள் கைப்பிடியையும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் பிடியையும் கழற்றி எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு டூரிஸ்டுகள் யாராவது முன்சீட்டில் உட்கார்ந்தால் அவனே இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அவர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மழைக்காலத்தில் அந்தக் கதவு தடதடவென ஆட ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு போகும் வழியில் பெருமாள்மலையில் ஒரு மெக்கானிக்கிடம் காரை விட்டான். அவன் சிகரெட் வாங்கப் போன நேரத்தில் மெக்கானிக் கதவின் உள் அட்டையைக் கழற்றினார். நான் பக்கத்தில் நின்றேன்.

“கைப்பிடி எங்கக்கா?”

“ஒடைஞ்சு போச்சு.”

அவர் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இந்தா இருக்கு பாருங்க, இந்த நாக்குதான் கதவு வந்து மோதுற தூண்ல இருக்குற கொக்கியப் போய்க் கவ்வுது. ரெண்டு பிடி இருக்கு. சரியாச் சாத்தலேன்னா முதப் பிடியில நிக்கும், ஓங்கிச் சாத்துனா முழுப் பிடி. முதப் பிடியில நின்னாலும் கதவு தானாத் தொறக்காது. இந்தக் கம்பிய இழுத்தாத்தான் நாக்கு விடும். கைப்பிடிக்கு வேற சோலி இல்ல, கம்பிய இழுக்குறதுதான்.” கைப்பிடி இருந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த சதுர இரும்பு முனையை விரலால் தட்டினார். “இது இங்கதான கெடக்கு? குறடு வச்சுப் பிடிச்சுத் திருப்புனாலும் தொறந்துரும்.”

என் கணவன் வருவதைக் கண்டதும் அட்டையை மாட்டத் தொடங்கினார்.

பள்ளிச் சமையலறையில் ஒரு சின்னக் குறடு இருந்தது. வீட்டு ஸ்டவ்வுக்கு என்று பெரிய சமையல்காரம்மாவிடம் பொய் சொல்லி வாங்கிவந்து, பைபிள் வைக்கும் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று ஞாயிறு அது பையிலேயே இருந்தது. எடுக்கப் பயம்.

நான்காவது ஞாயிறு என் கழுத்தைப் பிடித்தான். அதுவரை கழுத்தைத் தொட்டதில்லை. மூச்சு அடைத்துக் கண் இருட்டிக்கொண்டு வரும்போது விட்டான். விட்டுவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினான். பைக்குள் கையை விட்டுக் குறட்டை எடுத்து முனையைக் கவ்வித் திருப்பினேன். வழுக்கியது. இன்னொரு முறை திருப்பினேன். கதவு திறக்க, அதோடு சேர்ந்து ரோட்டில் விழுந்தேன்.

“எங்கடி ஓடுற?”

சீட்டின் மேல் பாய்ந்து என் முந்தானையைப் பிடித்தான். அது கிழிந்து அவன் வலது கையோடு போயிற்று. இடது கை கதவுத் தூணைப் பற்றியிருந்தது. நான் எழுந்து, உடம்பின் மொத்த பலத்தையும் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.

எலும்பு நொறுங்குவது எனக்குக் கேட்டது. விரல்களை இடுக்கிக்கொண்டு கதவு முதல் பிடியில் மாட்டி நின்றது. அவன் இன்னொரு கையால் கதவின் உள்பக்கத்தைப் பிறாண்டினான். விரலுக்குப் பிடிபடாத அந்த முனையைத் தவிர, பிடித்துத் திருப்ப அங்கே ஒன்றுமில்லை.

“தொறடி! கும்புடுறேன், தொற!”

வெளிக் கைப்பிடி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓர் அழுத்து போதும். நான் அழுத்தவில்லை. கதவின் இடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளைப் பெயின்ட்டின் மேல் வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரக்கம் வரவில்லை. தொண்டைதான் வலித்தது. பழனியிலிருந்து ஏறி வந்த பஸ் ஒன்று நின்றது. “என்னம்மா மரமாட்டம் நிக்கிற, வெரசாத் தள்ளிக்க!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்த கண்டக்டர்தான் கதவைத் திறந்தார்.

அந்த பஸ்ஸிலேயே அவனை ஏற்றிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

“காத்துல கதவு சாத்திக்கிருச்சுங்க” என்றான் அவன்.

“காத்து இல்லைங்க டாக்டர். நான்தான் சாத்துனேன்” என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார். அதில் விரல் தடங்கள் சிவந்திருந்தன. பிறகு, காற்றில் சாத்திக்கொண்டது என்றே எழுதினார். அவர் ஏன் அப்படி எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாலசமுத்திரத்திலிருந்து வந்த அவன் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னை அறைந்து கீழே தள்ளி வயிற்றில் உதைத்தான். ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு வந்த பெரிய சமையல்காரம்மா, “ஏலே, இன்னொரு மிதி மிதிச்ச, கொதிக்கிற எண்ணெயக் கொண்டாந்து ஊத்திருவேன்” என்று குறுக்கே நின்றார். அன்று அவரோடு போனவள்தான், நாயுடுபுரம் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. சமையலறைக்குப் பின்னாலிருந்த அறையைப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்தார்கள்.

காரை விற்றுவிட்டு அவன் அண்ணனுடைய தோட்டத்துக்குப் போனான். எண்பதுகளின் நடுவில், காய்ச்சல் கண்டு இறந்துபோனான் என்று செய்தி வந்தது. இழவுக்குப் போனேன். என்னோடு யாரும் பேசவில்லை. அடக்கம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாள் வெள்ளனே எழுந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க வேண்டியிருந்தது.